ஆடி வட்டு

நுழையும்முன்

ஒன்றுக்கு இரண்டாக எழுதிவைத்தால் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று காக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஓலைக்கும் கல்லுக்கும் பொருந்திய அந்நம்பிக்கை இன்று கணினியின் வட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டாவது படி கையில் இருக்கிறது என்பது வேறு. வேண்டிய வேளையில் அது எழுந்து நின்று பணிசெய்யும் என்பது வேறு. அந்த வேறுபாட்டை ஒரு சேவையகக் கணினியின் பழுதைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறத்தாழ ஐந்து கி.மீ. சென்றால் சாளுவன்குப்பம் என்னும் சிற்றூரை அடையலாம். அங்குள்ள புலிக்குகையைக் காண வருவோர் பலர். சற்றுத் தள்ளி அமைந்திருக்கும் அதிரணசண்டக் குடைவரைக்குள் நுழைந்து பார்ப்போர் சிலர். அதிரணசண்டன் என்பது பல்லவ மன்னனின் விருதுப்பெயர். அக்குடைவரையின் பக்கச்சுவர்களில் எதிரெதிராக இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்து. மறு சுவரில் நாகரி எழுத்து. எழுத்துதான் வேறு, செய்தி ஒன்றே. ஒரே வடமொழிப் பாடல்களை இருமுறை வெட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரத்திலும் கணேச ரதத்தில் காணும் பாடல்களுள் பெரும்பாலானவை தர்மராச மண்டபத்திலும் மீண்டும் வெட்டப்பட்டுள்ளன.

அழிந்துவிடுமோ என்ற அச்சத்தால் இருமுறை வெட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. இருவகை எழுத்து அறிந்தோரும் படிக்கட்டும் என்பதே சாளுவன்குப்பத்துச் சிற்பிகளின் நோக்கமாக இருந்திருக்கலாம். நோக்கம் எதுவாயினும் பயன் ஒன்றுண்டு. கடற்காற்று ஒரு சுவரை அரித்தாலும், தேய்ந்த எழுத்தை எதிர்ச்சுவரைக் கொண்டு படித்தறியலாம்.

அதே கடற்கரையிலிருந்து மேற்கே, செங்கல்பட்டு நகரின் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இன்று எண்ணற்ற சேவையகக் கணினிகள் இயங்குகின்றன. சர்வர் என்று நாம் வழக்கில் சொல்லும் அக்கணினிகளுள் பல, ஒரே செய்தியை ஒரே வேளையில் இரண்டு வட்டுகளில் எழுதிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வட்டு பழுதானால் மற்றொன்றைக் கொண்டு புதியதை எழுதிக்கொள்ளலாம். அந்த மாற்றுப்பணி எப்படி நடைபெறுகிறது, எங்கே பிழைபடுகிறது என்பதை இனிக் காண்போம்.

சுழலும் ஏடு

கணினியில் செய்திகளை நிலையாகச் சேர்த்துவைப்பது நிலைவட்டு. 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் நிலைவட்டுக் கருவியில், ஒவ்வொன்றும் இரண்டடி விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டு அதைப்போல் பல்லாயிரம் மடங்கு கொள்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப்பூச்சுடைய தட்டு சுழல்கிறது. எழுதிப் படிக்கும் முனை அதன் மேற்பரப்பைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் மிதக்கிறது.

சேவையகக் கணினிகளில் பயன்பட்ட வட்டுகளுள் பல, நிமிடத்திற்கு 10,000 முறை சுழல்பவை. இரவும் பகலும் ஐந்தாண்டு இயங்கினால் அத்தகைய வட்டு ஏறத்தாழ 2,628 கோடி முறை சுழன்றிருக்கும். வேறெந்த எந்திரத்திடமும் நாம் இவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. ஆகவே, வட்டு பழுதாகுமா என்று பொறியாளர் கேட்பதில்லை. என்று பழுதாகும் என்றே கேட்கின்றனர்.

சேவையகக் கணினியை ஆள்வது இயக்க அமைப்பு. அவற்றுள் நெடுங்காலமாக மதிக்கப்படுவது யுனிக்ஸ். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியால் உருவாகத் தொடங்கிய இவ்வமைப்பு, பின்னாளில் சோலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யுஎக்ஸ் எனப் பல கிளைகளாகப் பெருகியது. லினக்சும் அவ்வழியைப் பின்பற்றி எழுந்ததே. மாதக்கணக்கில் நிறுத்தாமல் இயங்கவல்லது என்பது யுனிக்சுக்கு வாய்த்த பெரும்பெயர். அந்தப் பெருமையே ஓர் ஆபத்தையும் மறைத்து வைத்திருக்கிறது. நெடுநாள் நிற்காத கணினியை யாரும் மீண்டும் தொடங்கிப் பார்ப்பதில்லை. இதனை நினைவிற்கொள்க, பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

ஆடியும் நிழலும்

இரண்டு வட்டுகளில் ஒரே செய்தியை எழுதும் முறையை ஆங்கிலத்தில் கண்ணாடியின் பெயரால் வழங்குகின்றனர். கண்ணாடிக்குத் தமிழில் ஆடி என்னும் பழஞ்சொல் உண்டு. ஆகவே இவ்விணையை ஆடி வட்டு என்று சொல்லலாம். 1988ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், பல வட்டுகளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் முறைகளை வரிசைப்படுத்தி ஆய்வுரை வெளியிட்டனர். ரெய்டு என்னும் பெயர் அதனாலேயே பரவிற்று. அவ்வரிசையில் முதல் நிலை ஆடி வட்டாகும். அவர்களுக்கு முன்னரே அம்முறை வழக்கில் இருந்தது.

ஆடி என்னும் இப்பெயர் பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. ஆடியின் முன் நிற்பவர் நகர்ந்துவிட்டால் நிழலும் மறைந்துவிடும். இங்கோ ஒன்று மறைந்தபின் மற்றொன்று நிற்க வேண்டும் என்பதே நோக்கம். பொருந்தும் பாதியை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முகத்தில் கரி பட்டால் ஆடியிலும் கரி தெரியும். ஊழியர் ஒருவர் ஓராண்டுக் கணக்கைத் தவறுதலாக அழித்துவிட்டால், கணினி அந்த அழிப்பை இரண்டு வட்டுகளிலும் உடனே, உண்மையாக, ஒரு குறையுமின்றிச் செய்து முடிக்கும். ஆடி வட்டு எந்திரத்தின் பழுதிலிருந்து காக்கும். மனிதரின் பிழையிலிருந்து காவாது. அதற்கு, நேற்றைய செய்தியை நேற்றிருந்தவாறே தனியே எடுத்துவைத்த காப்புப்படி வேண்டும்.

காப்புப்படியை வைக்கும் இடமும் முக்கியம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கடல்நீர் எக்கிக் கூடத்திற்குள் வெள்ளம் புகுந்தது. குளிர்விப்புக்கான எக்கிகள் நின்றன. அப்போது இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பணியாளர்கள் பாதுகாப்பாக நிறுத்தினர். உயரத்தில் அமைந்த உலைக் கட்டடத்தை வெள்ளம் எட்டவில்லை. ஓர் எக்கி நின்றால் மற்றோர் எக்கி என்ற ஏற்பாடு தனித்தனிப் பழுதுகளுக்கு ஏற்றது. கூடம் முழுவதும் நீர் புகுந்தால் அருகருகே நிற்பவை ஒருசேர நனையும். ஒரே பெட்டிக்குள் விரலளவு இடைவெளியில் செருகப்பட்ட இரண்டு வட்டுகளின் நிலையும் அதுவே.

அதே பேரலை சாளுவன்குப்பத்தில் மற்றொன்றையும் வெளிக்கொணர்ந்தது. அலை மணலை அரித்துச் சென்றபின் பாறை ஒன்றில் கல்வெட்டுகள் தென்பட்டன. திருவிழ்ச்சில் என்னும் ஊரிலிருந்த முருகன் கோயிலுக்கு அளித்த கொடையைப் பற்றி அவை கூறின. அவ்வூரே இன்றைய சாளுவன்குப்பம். குறிப்பைப் பின்தொடர்ந்து 2005ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, மணலுக்கடியில் செங்கற்கோயில் வெளிப்பட்டது. கோயில் மண்ணுக்குள் போன பின்னும் அதன் செய்தியை வேறோர் இடத்துப் பாறை வைத்திருந்தது.

ஓசையற்ற பழுது

இனி நம் வட்டுக்கு வருவோம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு அருகில் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சான்றிதழுக்கும் நிலப்பதிவுக்கும் நாள்தோறும் மக்கள் வந்து வரிசையில் நிற்கும் இடம் அது. அங்கே சோலாரிஸ் அமைப்பில் இயங்கும் பழைய சேவையகக் கணினி ஒன்று. அதன் தொடக்க வட்டுகள் இரண்டு; அவற்றை முதல்வட்டு, இணைவட்டு என்று அழைப்போம். தொடக்க வட்டு என்பது, மின்சாரம் வந்தவுடன் கணினி எதைப் படித்து எழுகிறதோ அந்த வட்டு. இயக்க அமைப்பு முழுவதும் அதிலேயே இருக்கிறது.

ஆகத்து மாதத்தில் ஒருநாள் முதல்வட்டு பழுதாகிறது. அன்று அந்த அலுவலகத்தில் என்ன நிகழும்? ஒன்றும் நிகழாது. கணினி ஒரு கணம் தயங்கி, இணைவட்டிலிருந்தே படித்து எழுதத் தொடங்கும். வரிசையில் நிற்பவருக்கும் சாளரத்தின் பின் அமர்ந்திருப்பவருக்கும் வேறுபாடு தெரியாது. பூட்டிய அறைக்குள் வட்டின் முகப்பில் மஞ்சள் விளக்கொன்று எரியும். கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் எச்சரிக்கை வரி ஒன்று சேரும். மெட்டாஸ்டாட் என்னும் கட்டளையை யாரேனும் இட்டிருந்தால், முதல்வட்டின் பெயருக்கு எதிரே பராமரிப்புத் தேவை என்ற குறிப்பு தோன்றியிருக்கும். யாரும் இடவில்லை என்றால் அக்குறிப்பும் யார் கண்ணிலும் படாது.

இரட்டை ஏற்பாட்டின் பெரிய நன்மை பழுதை மறைத்துப் பணியைத் தொடர்வது. அதன் பெரிய தீமையும் பழுதை மறைப்பதே. ஒற்றை வட்டு உள்ள கணினி பழுதானால் அன்றே கூக்குரல் எழும், அன்றே சரிசெய்வார்கள். இரட்டை வட்டில் ஒன்று போனபின், பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் மாதக்கணக்கில் நிலைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், நாள்தோறும் மெட்டாஸ்டாட்டின் விடையை ஒருவர் படித்துக் கையொப்பமிடும் ஏற்பாடு இல்லாத இடத்தில் ஆடி வட்டு அமைப்பது வீண்செலவு.

2022 திசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் நம் அலுவலகத்தின் மின்சாரம் நிற்கிறது என்று கொள்வோம். மின்கலம் தீரும்வரை கணினி தாங்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆகத்து முதல் ஓயாமல் ஒற்றை வட்டில் இயங்கிய கணினி இப்போதுதான் முதன்முறையாக மீண்டும் எழ வேண்டும். காலையில் மின்சாரம் வருகிறது. கணினி எழவில்லை.

எழ மறுப்பது ஏன்?

இணைவட்டில் செய்திகள் ஒன்றுகூடக் குறையவில்லை. பின் ஏன் கணினி எழவில்லை? மூன்று காரணங்கள் இருக்கக்கூடும்.

மின்சாரம் வந்தவுடன் கணினியின் நிலைநினைவகத்தில் உள்ள சிறு நிரல் விழிக்கிறது. எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் அதனிடம் இருக்கும். பட்டியலில் முதல்வட்டின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தால், அது இறந்த வட்டின் கதவைத் தட்டிவிட்டு நின்றுவிடும். பக்கத்தில் இணைவட்டு உயிரோடிருப்பது அதற்குத் தெரியாது.

பட்டியலில் இரண்டு பெயர்களும் இருந்தால், அது இணைவட்டின் தொடக்கப் பகுதிக்குச் செல்லும். பூட் பிளாக் எனப்படும் அச்சிறு பகுதியில்தான் இயக்க அமைப்பின் உட்கருவைத் தேடிப்பிடித்து நினைவகத்தில் ஏற்றும் நிரல் உள்ளது. கோப்புகளை எழுதும்போதெல்லாம் இரண்டு வட்டிலும் எழுதும் ஆடி முறை, இத்தொடக்கப் பகுதியையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது. லினக்ஸ் கணினிகளிலும் இதே கதைதான். வட்டின் பிரிவுகள் மட்டும் இரட்டிக்கப்பட்டிருந்தால், பிரிவுகளுக்கு வெளியே வட்டின் முதல் துண்டத்தில் உள்ள தொடக்க நிரல் இரட்டிப்பில் சேராது. அதனைக் கையால் தனியே எழுதிவைக்க வேண்டும். நூல் முழுவதையும் படியெடுத்துவிட்டுத் திறவுகோலை மட்டும் பழைய பேழையிலேயே விட்டுவிட்டதைப் போன்றது இது.

மூன்றாம் காரணம் நுட்பமானது. எந்த வட்டு நலமாக உள்ளது, எது பழுதானது என்பதைக் குறித்துவைக்க, சோலாரிஸ் அமைப்பு ஒவ்வொரு வட்டிலும் சிறு நிலைப்பதிவேடுகளை வைக்கிறது. வட்டுக்கு மூன்றாக மொத்தம் ஆறு ஏடுகள் என்போம். முதல்வட்டு போனால் மூன்று எஞ்சும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்குப் பாதி ஏடுகள் போதும். அது தொடர்ந்து இயங்கும். புதிதாக எழும் கணினிக்கோ பாதிக்கு மேல், அதாவது நான்கு ஏடுகள் வேண்டும். மூன்றே இருப்பதைக் கண்டால் அது முழுமையாக எழாமல், பராமரிப்பு நிலையிலேயே நின்று மேலாளரை எதிர்நோக்கும்.

இவ்விதி முதற்பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றலாம். சற்று எண்ணிப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். பழுதென்று ஒதுக்கப்பட்ட முதல்வட்டு, மின்சாரம் போய்வந்தபின் எப்படியோ விழித்துக்கொண்டது; இணைவட்டு விழிக்கவில்லை என்று கொள்வோம். முதல்வட்டில் இருப்பவை ஆகத்து மாதச் செய்திகள். அதிலுள்ள மூன்று ஏடுகளும் தாமே உண்மை என்று கூறும். பாதி போதும் என்று கணினி ஏற்றுக்கொண்டால், நான்கு மாத நிலப்பதிவுகள் நிகழாதவையாகிவிடும். எது உண்மை என்று தெளியாதபோது எழாமல் நிற்பதே நேர்மை என்று அவ்வமைப்பை வகுத்தோர் முடிவு செய்தனர்.

மாற்றும் முறை

அலுவலக வாயிலில் மக்கள் நிற்கின்றனர். மேலாளர் பராமரிப்பு நிலையில் நுழைந்து, மெட்டாடிபி என்னும் கட்டளையால் இறந்த வட்டின் மூன்று ஏடுகளைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார். இப்போது மொத்தமே மூன்று. மூன்றும் கையில் உள்ளன. கணினி எழுகிறது. வரிசை நகர்கிறது. ஆயினும் ஒற்றைக் காலில் நிற்கும் நிலை மாறவில்லை.

அன்று மாலை மக்கள் சென்றபின் மாற்றுப்பணி தொடங்கும். வட்டைத் தொடுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எஞ்சியிருக்கும் நல்ல வட்டின் செய்திகளைக் காந்த நாடாவிலோ வேறு கணினியிலோ காப்புப்படியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் இதனைத் தவிர்ப்போர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருமழபாடியில் அவ்வாறு தவிர்க்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் கருவறை விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகள் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. பழைய சுவர் விழுவதற்கும் புதிய சுவரில் எழுத்து ஏறுவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கொடைகளின் செய்தியைத் தாங்கியது அந்த ஏடு.

அடுத்தது அடையாளம் காணுதல். இதில்தான் பெரும்பிழை நேர்கிறது. கணினி ஒரு வட்டைக் குறியீட்டுப் பெயரால் அழைக்கும். பெட்டியின் முகப்பிலோ அப்பெயர் எழுதியிருக்காது. மேலே இருப்பது முதல்வட்டு, கீழே இருப்பது இணைவட்டு என்று ஊகித்து ஒன்றை உருவினால், உருவப்பட்டது உயிரோடிருக்கும் ஒரே வட்டாகவும் இருக்கலாம். கணினி அக்கணமே வீழும். ஆகவே, வட்டின் வரிசை எண்ணைக் கட்டளையால் கேட்டறிந்து தாளில் எழுதிக்கொண்டு, வட்டின் மேல் ஒட்டியுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். முகப்பு விளக்கையும் பார்க்க வேண்டும். ஒருவர் எண்ணைப் படிக்க மற்றொருவர் ஒப்பிடுவது நல்ல வழக்கம்.

பிறகு, இறந்த வட்டு இணைப்பில் இல்லை என்று கணினிக்கு முறையாக அறிவித்து, வட்டை உருவிப் புதியதைச் செருகலாம். புதிய வட்டு பழையதன் அளவினதாகவோ அதனினும் பெரியதாகவோ இருத்தல் வேண்டும். உறையில் ஒரே அளவு அச்சிடப்பட்டிருந்தும், வேறு நிறுவனத்து வட்டு சில துண்டங்கள் குறைவாக இருப்பதுண்டு. சில துண்டங்கள் குறைந்தாலும் இணை சேராது.

புதிய வட்டு வெற்றுத்தாள். எங்கே எந்தப் பிரிவு தொடங்கி எங்கே முடிகிறது என்னும் பிரிவு அட்டவணையை முதலில் அதன்மேல் எழுத வேண்டும். நல்ல வட்டின் அட்டவணையைப் பிஆர்டிவிடாக் என்ற கட்டளையால் படித்து, எஃப்எம்டிஹார்ட் என்ற கட்டளையால் புதியதில் எழுதுவர். இரண்டையும் ஒரே வரியில் இணைத்து எழுதுவதே வழக்கம், விரைவாக முடியும். அவ்வரியில் இரண்டு வட்டின் பெயர்களும் ஓர் எண்ணில் மட்டுமே வேறுபடும். இடம் மாற்றித் தட்டினால், வெற்று வட்டின் அட்டவணை நல்ல வட்டின் மேல் ஏறும். யுனிக்ஸ் மறுமுறை கேட்பதில்லை; சொன்னதைச் செய்துவிடும். எழுதுபவர் விசையை அழுத்துமுன், எங்கிருந்து எங்கே என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பிழை நேராது. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைப்பவர்கள் இன்னும் அப்பிழையைச் செய்யாதவர்கள்.

அட்டவணை ஏறியபின் நிலைப்பதிவேடுகளைப் புதிய வட்டிலும் மூன்றாக அமைத்து, மெட்டாரிப்ளேஸ் கட்டளையை இடலாம். நல்ல வட்டிலிருந்து புதிய வட்டுக்குச் செய்திகள் பாயத் தொடங்கும். இதனை ஒத்திசைவு என்பர். 146 ஜிகாபைட் கொள்ளும் வட்டில் நொடிக்கு 40 மெகாபைட் வீதம் படியெடுத்தால், 3,650 நொடிகள், அதாவது ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகத் தேவைப்படும். மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வேளையில் செய்தால் மும்மடங்கும் ஆகலாம்.

இந்த ஒருமணி நேரமே பணி முழுவதிலும் அச்சத்திற்குரியது. எஞ்சிய வட்டும் இறந்த வட்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கப்பட்டவை. ஒரே அறை வெப்பத்தில், ஒரே அளவு உழைத்தவை. முதியவரான அந்த எஞ்சிய வட்டிடம், அதன் தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் எழுத்து விடாமல் படித்துக்காட்டு என்று இப்போது கேட்கிறோம். பல்லாண்டுகளாக யாரும் திறவாத கோப்பு கிடக்கும் மூலையில் ஒரு துண்டம் கெட்டிருந்தால், அது இன்றுதான் வெளிப்படும். வெளிப்பட்டால் ஒத்திசைவு பாதியில் நிற்கும். மாலையில் எடுத்த காப்புப்படியின் அருமை அப்போது தெரியும்.

தடையின்றி முடிந்தது என்றே கொள்வோம். மெட்டாஸ்டாட் இப்போது இரண்டு வட்டுகளும் நலம் என்று கூறுகிறது. பலர் இவ்விடத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு இல்லம் திரும்பிவிடுகின்றனர். கணினி எழாமல் நின்ற காலையை நினைத்தால் இன்னும் இரண்டு வேலைகள் எஞ்சியிருப்பது தெரியும். இன்ஸ்டால்பூட் என்னும் கட்டளையால் தொடக்கப் பகுதியைப் புதிய வட்டில் எழுத வேண்டும். நிலைநினைவகத்தின் பட்டியலில் இரண்டு வட்டின் பெயர்களையும் வரிசையாகச் சேர்க்க வேண்டும்.

இவற்றைச் செய்தாயிற்று என்பதற்குக் கட்டளையின் விடையைச் சான்றாகக் கொள்ளுதல் போதாது. இரவு பத்து மணிக்கு, யாரும் பயன்படுத்தாத வேளையில், மேலாளர் கணினியை முறைப்படி நிறுத்துகிறார். தொடக்கப் பட்டியலை நம்பாமல், புதிய வட்டின் பெயரைத் தாமே தட்டி, அதிலிருந்து எழும்படி பணிக்கிறார். திரையில் வரிகள் ஓடுகின்றன. மூன்று நிமிடத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக் கணினி நிற்கிறது. மீண்டும் நிறுத்திப் பழைய வட்டிலிருந்து எழுப்புகிறார், அதுவும் எழுகிறது. பிறகு புதிய வட்டின் வரிசை எண்ணையும் அன்றைய நாளையும் சிறு தாளில் எழுதிப் பெட்டியின் முகப்பில், அவ்வட்டுக்கு நேரே ஒட்டுகிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெட்டாஸ்டாட்டைப் படித்துக் கையொப்பமிட வேண்டியவரின் பெயரையும் அதன் கீழ் எழுதுகிறார்.